குளத்தைப் பார்த்து விதைத்தல்: ஏறி இறங்குகிற மழைக்கு வன்னிக் கமத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு ஆண்டு மழை சராசரியாக 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சராசரி விழுந்த வருடத்தைக் கமக்காரர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஒரு வருடம் இரண்டு இரவில் குளம் நிரம்பி வான் (மேலதிக நீர் வழிகிற வாய்) பாயும். இன்னொரு வருடம் கார்த்திகை முடிந்த பிறகும் அலைகரையில் மாடு மேயும். 2016 காலபோகத்துக்கு (ஒக்டோபரில் தொடங்கும் பெருமழையில் செய்கிற போகம்) மழை பொய்த்து, அந்த வறட்சி 2017 வரை இழுத்தது. 2018 டிசெம்பர் 21 இரவு விழுந்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவில் இரண்டே வருடம்.

இது புதிதாக வந்த வழக்கமில்லை. ஒரு குளத்தின் வான் நீர் அடுத்த குளத்துக்குள் விழுகிறமாதிரி வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர் தொடராகக் குளம் கட்டி வைத்ததே இந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். மனிதர் கிளப்பிய வெப்பம் இதை இன்னும் மோசமாக்குவது தனிக்கதை. இங்கே எழுதுவது, கடல் தன்பாட்டில் சூடாகிக் குளிர்வதால் வருகிற ஆட்டத்துக்கு ஒரு சிறுகுளத்தின் கீழ் கமம் செய்கிறவர்கள் எப்படி ஆயத்தமாவது என்பது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கலண்டரில் உள்ள திகதிக்கு விதைக்காமல், குளத்தில் நிற்கிற அடியையும் விழுந்த மழையின் அளவையும் கணக்குப் பார்த்து விதைப்பது.

எல்நினோ என்றதும் வறட்சி என்று நினைக்க வேண்டாம்

இந்தப் பிழை வன்னியில் பலருக்குக் காலபோகத்தையே கெடுத்திருக்கிறது. எல்நினோ என்றால் வறட்சி என்று இந்தியச் செய்திகளில் கேட்கிறோம். அது அங்கே யூன் முதல் செப்டெம்பர் வரை பெய்கிற தென்மேல் பருவமழைக்குச் சொன்னது. எங்களுடைய பெருமழை ஒக்டோபரில் தொடங்குவது. அதற்குக் கணக்கு மறுபக்கம் திரும்பும்.

பசிபிக்கின் நடுப்பகுதி வழமையைவிட அரைப் பாகையோ அதற்கு மேலோ சூடாகி நின்றால் எல்நினோ. அந்த வருடங்களில் இலங்கைக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடுகிற போக்கு இருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு குறைகிற போக்கு. அதே பகுதி குளிர்ந்து நிற்கிற லாநினா வருடத்தில் நேர்மாறு: ஐப்பசி, கார்த்திகை மழை பிந்தும், மெலியும், தை, மாசியில் மழை எட்டிப் பார்க்கும். இதோடு இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடாகிக் கிழக்குப் பக்கம் குளிர்ந்தால் (நேர் இருமுனை என்கிறார்கள்) ஒக்டோபர் - டிசெம்பர் மழை மேலும் ஏறும். 2019 இலும் 2023 இலும் அப்படி இருந்தது, மழையும் கொட்டியது. 2016 இல் இருமுனை எதிர்ப்பக்கம் வலுவாக நின்றது, லாநினாவும் மெல்லத் தலைகாட்டியது. அந்தக் காலபோகம் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் போக்கு மட்டுமே. 2020 லாநினா வருடம்தான். டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிக் குளங்களை நிரப்பிவிட்டுப் போனது. ஆகவே செப்டெம்பரில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைக் கேட்டு, திட்டத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதற்கு மட்டும் அதைப் பாவியுங்கள். முழு வயலையும் அதை நம்பி வைக்க வேண்டாம்.

எல்நினோ பக்கம் சாய்ந்தால்: வாய்க்காலும் வடிகாலும் முதலில், புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது) முந்தி, குளத்தைத் தை மாதத்துக்குச் சேமிப்பது. லாநினா பக்கம் சாய்ந்தால்: விதைப்பை இரண்டாகப் பிரித்தல், வயது குறைந்த நெல், அறுவடை நேரத்து ஈரத்துக்குப் படங்கு.

ஒரு ரின்னும் ஒரு கயிறும்

மழையை அளக்காமல் "நல்ல மழை" என்று சொல்வது ஒன்றுக்கும் உதவாது. நேரான சுவருள்ள ஒரு பால்மா ரின் போதும். வாய் அகலம் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே சுருங்கின போத்தல் பிழையான அளவு காட்டும். மூன்று நாலு அடி உயரக் கம்பத்தில் கட்டி, பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தை உள்ளே இறக்கிப் பார்த்து எழுதிவிட்டு ஊற்றுங்கள். அடிமட்டத்தின் 25 மில்லிமீற்றர் ஒரு அங்குல மழை. ஒரு ஊரில் மூன்று பேர் மூன்று மூலையில் இதைச் செய்தால், ஒரே மழை குளத்தின் நீரேந்து பக்கம் 60, வயல் பக்கம் 15 என்று விழுவதைக் கண்ணால் காணலாம்.

குளத்தைக் கணக்கெடுக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, நீர் பரந்து நிற்கிற ஏக்கர். தொலைபேசியிலுள்ள வரைபடத்தில் நீரோரத்தைச் சுற்றித் தொட்டுக்கொண்டு போனால் பரப்பு வந்துவிடும். மற்றது, துருசின் (வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகு) அடித்தளத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழம். துருசில் அளவுக்கல் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டித் துருசு வாயடியில் இறக்குங்கள். துருசுக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் வயலுக்கு வராது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பரப்பை ஆழத்தால் பெருக்கி, வருவதை 0.4 ஆல் பெருக்குங்கள். சிறுகுளங்கள் தட்டுமாதிரி இருக்காமல் தாச்சிமாதிரி சரிந்து போவதால்தான் இந்த 0.4. விடை ஏக்கர் அடியில் வரும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் ஒரு ஏக்கர் அடி, கிட்டத்தட்ட பன்னிரண்டு இலட்சம் லீற்றர்.

அடுத்தது, குளம் குடிக்கிற தண்ணீர். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நீர்மட்டத்திலிருந்து நாளுக்கு ஐந்து ஆறு மில்லிமீற்றர் ஆவியாகப் போகும். 100 நாளில் அது ஏறக்குறைய 1.8 அடி. மண்ணுக்குள் இறங்குவது குளத்துக்குக் குளம் வேறு. அதை நீங்களே அளக்கலாம். துருசைப் பூட்டி, மழை இல்லாத ஒரு நாளில், ஆழமில்லாத இடத்தில் ஒரு தடியை ஊன்றி நீர்மட்டத்தில் கத்தியால் வெட்டுப் போடுங்கள். அடுத்த நாள் அதே நேரம் பாருங்கள். இறங்கியது 8 மில்லிமீற்றர் என்றால், ஆவியை 5 ஆக எடுத்தால் மண் குடித்தது 3. இறங்கியது 15 ஐத் தாண்டினால் நிலம் குடித்தது என்று விட்டுவிட வேண்டாம்: துருசுக் கதவு ஒழுகுகிறது, அல்லது குளக்கட்டு கசிகிறது. இருட்டமுன் கட்டின் வெளியடியில் ஒருமுறை நடந்தால் எந்த இடம் என்று தெரியும்.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர்

சிறுபோகம் குளத்தில் மிஞ்சி நிற்கிற தண்ணீரை நம்பிச் செய்வது. சித்திரை முதல் கிழமையில் குளத்தில் 60 ஏக்கர் பரப்பு, துருசில் 7 அடி ஆழம் என்று வைப்போம். 60 × 7 × 0.4 = 168 ஏக்கர் அடி. போகம் முழுக்கப் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். நடுக்கணக்காக 35 ஏக்கர் எடுக்கலாம். ஆவி 35 × 1.8 = 63. மண் குடிப்பது நாளுக்கு 3 மில்லிமீற்றர் என்றால் 100 நாளுக்கு ஒரு அடி, ஆக 35. மாட்டுக்கும் குளிப்புக்கும் சுற்றுக் கிணறுகளுக்குமாக அடியில் 2 அடி விட வேண்டும். தாச்சியின் அடி ஒடுங்கியது என்பதால் அது 7 ஏக்கர் அடிதான். மீதி 63.

168 இல் 63. மற்றதில் பெரும்பகுதி வானத்துக்கும் மண்ணுக்கும். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் "குளத்தில் பாதித் தண்ணி நிக்குது, பாதி வயல் செய்யலாம்" என்று பேசுகிறவர்கள்தான் ஆடியில் கருகின நெல்லோடு நிற்பார்கள்.

சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் இழப்பும் சேர்த்து ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர் அடி தேவை. நீர் நிற்கிற களிப்பாங்கான பள்ளவயலுக்கு 4, மேட்டுச் செம்மண்பாங்கு வயலுக்கு 5 உம் அதற்கு மேலும். நடுவில் 4.5 எடுத்தால் 63 ஏக்கர் அடிக்கு 14 ஏக்கர் நெல். பயறு, உழுந்து, கௌபி, எள்ளு போட்டால் ஏக்கருக்கு 2 ஏக்கர் அடி போதும், 31 ஏக்கர் செய்யலாம். பயறு 65 - 70 நாளில் முடிவதால் குளம் ஆவியாகிற ஒரு மாதமும் மிச்சம். கலந்து செய்வதானால் பள்ளத்தில் 7 ஏக்கர் நெல், மேட்டில் 15 ஏக்கர் பயறு.

அந்த 14 ஏக்கர் எங்கே? துருசுக்குக் கிட்டவாக, ஒரே தொடராக. ஆளுக்கு ஒரு மூலையில் விதைத்தால் தண்ணீர் வாய்க்காலிலேயே முடிந்துவிடும். காணி துருசுக்குக் கிட்ட உள்ளவருக்கு மட்டும் விளைச்சல், வால்பகுதிக்காரருக்கு ஒன்றுமில்லை என்றால் ஊர் இரண்டாகும். அதனால் கிட்டவுள்ள வயலையே எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் பங்கின் விகிதத்தில் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம். அதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே முடிவெடுத்து, வாய்க்கால் இலக்கம், ஏக்கர், விதைப்புக் கடைசி நாள், தண்ணீர் பூட்டும் நாள் நாலையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு முடிவு வைகாசி வரைதான் நிற்கும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களில் இந்தக் கணக்கை நீர்ப்பாசனத் திணைக்களம் செய்து ஏக்கர் தீர்மானிக்கும். அங்கே கமக்காரர் செய்யக்கூடியது, தீர்மானித்த ஏக்கருக்கு மேல் களவாக விதைக்காமலிருப்பது. மேலதிக விதைப்புத்தான் அங்கே ஒவ்வொரு சிறுபோகத்திலும் கடைசித் தண்ணீரை இல்லாமல் பண்ணுகிறது.

காலபோகம்: புழுதியும் சேறும்

புழுதி விதைப்பின் இலாபம் இரண்டு. முதல் மழையிலேயே பயிர் எழும்பிவிடும், குளத்துத் தண்ணீர் நிலம் பண்படுத்தலுக்குச் செலவாகாது. தண்ணீர் கட்டி உழுது விதைக்கிற சேற்று விதைப்பில் நிலம் பண்படுத்த மட்டும் 6 - 7 அங்குலத் தண்ணீர் போகும். மழை நிச்சயமில்லாத இடத்தில் இது பெரிய மிச்சம்.

ஆவணி, புரட்டாதியில் விழுகிற இடிமழை ஒன்றைப் பிடித்து முதல் உழவு, பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகு குறுக்கு உழவு. கட்டி கோழிமுட்டைக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. ஊறப்போடாத காய்ந்த விதையை விசிறி, மேலோட்டமாக ஒரு உழவு அடித்து மூடுங்கள். ஆழம் ஒரு அங்குலம், ஒன்றரை. இரண்டைத் தாண்டினால் முளை மேலே வராது. தெரியாமல் ஆழ உழுதுவிட்டு விதைநெல்லில் பிழை என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏக்கருக்கு இரண்டு, இரண்டரைப் புசல் (ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ) காணும். மூன்று, மூன்றரை என்று கொட்டுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மழை நின்றால் நெருங்கிய பயிர் ஒரே ஈரத்தை இரண்டு பங்காகக் குடித்து முதலில் வாடும்.

புழுதி விதைப்புக் கெடுவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். 10 - 15 மில்லிமீற்றர் தூறல் ஒன்று விழும், மண்ணின் மேல் இரண்டு அங்குலம் ஈரமாகும், விதை முளைவிடும். அதன் பிறகு எட்டுப் பத்து நாள் வெயில். முளை கருகும். ரின்னில் அளப்பது இதற்குத்தான்: அப்படி ஒரு தூறல் விழுந்து, நாலாம் ஐந்தாம் நாளும் அடுத்த மழை இல்லை, குளத்திலும் தண்ணீர் இருக்கிறது என்றால், வாய்க்காலில் ஒரு நனைப்பு விட்டு முளையைக் காப்பாற்றலாம். வரம்புக்கு வரம்பு நிரப்ப வேண்டாம். மண் நனைந்து தண்ணீர் மறுகரையைத் தொட்டதும் பூட்டுங்கள். இல்லையென்றால் ஆறு ஏழு நாளில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். முளை வெள்ளையாக விறைப்பாக இருந்தால் பொறுக்கலாம். மண்ணிறமாகி விரலில் நசிந்தால் அந்தத் துண்டை இப்போதே மறு விதைப்புக்கு எழுதி வையுங்கள்.

மற்ற விபத்து பள்ளத்தில். முளைக்கு முன்னே கனமழை விழுந்து தண்ணீர் தேங்கினால் புழுதி விதை அழுகும். அதனால் பள்ளவயலைப் புழுதியில் விதைக்காதீர்கள். மேட்டுவயலும் நடுவயலும் புழுதியில், பள்ளம் சேற்றில். மழை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாதி கைக்கு வரும்.

வயதைத் தெரிவது பின்னாலிருந்து எண்ணுகிற வேலை. நெல் பூக்கிறது அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன். பூக்கிற கிழமையில் அடைமழையும் வரக்கூடாது, வரட்சியும் வரக்கூடாது. ஒக்டோபர் நடுவில் விதைத்த மூன்றரை மாத இனம் (பி.ஜி. 352, ஏ.ரி. 362, கீரிச்சம்பாவாக விற்கிற பி.ஜி. 360) டிசெம்பர் கடைசியில் பூத்து ஜனவரி கடைசியில் அறுவடைக்கு வரும். நவம்பர் நடு வரை மழை பிந்தினால் மூன்று மாத பி.ஜி. 300 க்கு இறங்குங்கள். டிசெம்பர் தொடங்கியும் விதைக்க முடியாத துண்டுக்கு இரண்டரை மாத பி.ஜி. 250. விளைச்சல் குறையும், ஆனால் மாசி வெயிலுக்கு முன் களத்துக்கு வந்துவிடும். இதற்காகவே விதைநெல்லை எல்லாம் ஒரே இனமாக வாங்காமல், மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைக் குறுகிய வயதில் வாங்கிக் காய வைத்துப் பத்திரப்படுத்துங்கள். மறு விதைப்புத் தேவைப்படுகிற கிழமையில் வன்னி முழுக்க எல்லாரும் அந்த இனத்தைத்தான் தேடுவார்கள்.

இடையில் மழை நின்றால்

மூன்று கிழமை மழையில்லாமல் போவது காலபோகத்தில் அதிசயமில்லை. அப்போது முழு வயலையும் நிரப்ப நினைத்தால் குளம் இரண்டு சுற்றில் முடியும். ஆறு அங்குல பீ.வீ.சீ. குழாயில் ஒரு அடித் துண்டு வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிவர இரண்டு அங்குல இடைவெளியில் துளை போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் போகிறமாதிரி ஆறேழு அங்குலம் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிடுங்கள். வரம்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே, சராசரி மட்டமான இடத்தில் ஊன்ற வேண்டும். வரம்போரத்தில் வைத்தால் பிழை காட்டும். மேலே மண் வெடிக்கத் தொடங்கினாலும் குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே தெரியும். அது ஆறு அங்குலத்துக்கு இறங்கும்வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது. இறங்கினதும் இரண்டு அங்குலம் நிற்கத் தண்ணீர் விட்டு, மறுபடி இறங்க விடுங்கள். பூக்கிறதுக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் மட்டும் இந்த முறை வேண்டாம், அப்போது இரண்டு அங்குலம் நிற்கவே வேண்டும்.

தண்ணீர் எல்லாருக்கும் காணாது என்ற நிலை வந்தால் வாய்க்காலின் தலை - வால் வரிசையை விட்டு, பயிரின் பருவத்தைப் பார்த்துக் கொடுங்கள். கதிர் வயிற்றில் இருக்கிற வயலும் பூத்த வயலும் முதலில். இருபது முப்பது நாள் பயிர் கடைசியில். இளம்பயிர் வாடினாலும் மழை விழத் திரும்ப எழும்பும். பூவில் காய்ந்தது பதராகும், அதைத் திருப்ப முடியாது. காய்ந்த மண்ணில் யூரியா எறியாதீர்கள். பாதி காற்றோடு போகும், மீதியை முதல் பெருமழை கழுவும்.

கட்டு உடையாமலிருக்க

வெள்ளத்துக்கான வேலை புரட்டாதியில் முடிய வேண்டும். கட்டின் மேல் நடந்து எலி வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரவேர் மூன்றையும் தேடுங்கள். வளையை வாயில் மட்டும் மண் போட்டு மூடினால் உள்ளே குழாய்மாதிரி இருக்கும். வளையின் முடிவுவரை வெட்டித் திறந்து, களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு நனைத்து இடியுங்கள். கட்டில் வளர்ந்த மரத்தைத் தறித்துவிட்டு வேரை விட்டால் நாலைந்து வருடத்தில் வேர் உக்கி அதே வழியால் தண்ணீர் வரும். வான் வாயிலும் அதற்குக் கீழுள்ள வாய்க்காலிலும் பற்றை, வலை, விழுந்த மரம் ஒன்றும் நிற்கக்கூடாது.

மார்கழியில் சில ஊர்களில் வான் சுவரின் மேல் மண்மூடை அடுக்கி ஒரு அடி தண்ணீர் கூடப் பிடிப்பார்கள். சிறுபோகத்துக்கு ஆசைப்பட்டுச் செய்கிற இந்த வேலைதான் கட்டுக்கு எமன். வானுக்கும் கட்டின் தலைக்கும் இடையில் விட்ட மூன்று அடி சும்மா விட்டதல்ல: பெருவெள்ளத்தில் வானுக்கு மேலால் ஓடுகிற தண்ணீரின் உயரமும் காற்றில் எழும்புகிற அலையும் அதற்குள் அடங்க வேண்டும். மூடை அடுக்கினால் தண்ணீர் கட்டின் தலையால் பாயும், மண்கட்டு அரைமணி நேரம் தாங்காது. தொடர்க்குளத்தில் மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்தையும் கொண்டுபோகும்.

அடைமழை நேரம் இரவிலும் ரோச் லைற்றோடு கட்டின் வெளியடியைப் பாருங்கள். கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்துங்கள். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கட்டின் மண் உள்ளேயிருந்து கரைகிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டாம். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும், அது எங்கே என்று தெரியாது. வெளிப்பக்கத்தில் ஊற்றைச் சுற்றி மண்மூடையால் கிணற்றுக்கட்டுமாதிரி வட்டம் எழுப்பி, உள்ளே தண்ணீர் தேங்க விடுங்கள். தேங்கின தண்ணீர் எதிர்த்து அமுக்க, மண் வருவது நிற்கும், தெளிந்த தண்ணீர் மேலால் வழியும். பசளைப்பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மண் போட்டுக் கட்டுங்கள். நிரம்பப் போட்ட மூடை உருண்டையாக இருந்து இடையில் ஓட்டை விடும். செங்கல் அடுக்கிறமாதிரி மூட்டு மாறி மாறி வைத்து, ஒவ்வொரு வரியையும் மிதித்து இறுக்க வேண்டும். இதற்கிடையே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் கட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டும். உடைந்த பிறகு சொல்ல நேரம் இராது.

இரணைமடுவுக்குக் கீழே முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் தலையில் விழுகிற மழையை மட்டும் பார்க்க வேண்டாம். கனகராயன் ஆற்றின் தண்ணீர் வவுனியாப் பக்கத்திலிருந்தே வருகிறது. மேலே பெய்த மழை குளத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் எடுக்கும், கிளிநொச்சியில் வானம் வெளித்த பிறகும் வான்கதவு திறப்பார்கள். குளம் 36 அடியை நெருங்குகிறது என்ற செய்தி வந்தால் நெல்மூடை, கன்றுகாலி, உழவு இயந்திரம் மூன்றையும் மேட்டுக்கு ஏற்றுங்கள்.

வயல் மூழ்கினால் வடிகாலைத்தான் முதலில் வெட்ட வேண்டும், எல்லா வரம்பையும் வெட்டக்கூடாது. இலைநுனி வெளியே தெரிந்தால் பயிர் பிழைக்கும். முழுக்க மூழ்கி ஒரு கிழமையைத் தாண்டினால், அதுவும் கலங்கல் தண்ணீரில், பெரும்பாலும் போய்விடும். வடிந்ததும் யூரியா எறிகிற அவசரம் வேண்டாம். புது இலை ஒன்று விரியும்வரை ஐந்தாறு நாள் பொறுங்கள், வேர் மூச்சு விட்ட பிறகுதான் பசளை எடுக்கும். பிறகு ஒரு அடிக்கு ஒரு அடி சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து எண்ணுங்கள். சராசரி எட்டுப் பயிர் நின்றால் விட்டுவிடலாம், மட்டம் வெடித்து (அடியிலிருந்து பக்கக் கிளை விட்டு) நிரப்பும். அதற்குக் குறைந்தால் அந்தத் துண்டை மட்டும் குறுகிய இனத்தால் மறு விதைப்புச் செய்யுங்கள். அழிவுக்கு நட்டஈடு கேட்பதானால் தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்து, வடியமுன் கமநல சேவை நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வடிந்த பிறகு வயல் பச்சையாகத் தெரியும், வந்து பார்ப்பவர் நம்பமாட்டார்.

தூர் எடுக்கிறபோது

வரட்சியில் குளம் காய்ந்தால் எல்லாரும் தூர் அள்ளச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் அடியில் பல வருடமாகப் படிந்த களிதான் குளத்தின் அடைப்பு. பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கிக் கிறவல் தெரியத் தோண்டினால் ஆழம் கூடும், தண்ணீர் நிற்காது. மேலே உள்ள பொருமின வண்டலை மட்டும் அள்ளுங்கள், கட்டின் உள்ளடிக்குக் கிட்டப் போக வேண்டாம். அங்கே தோண்டினால் கட்டு சரியும். அள்ளின வண்டல் மேட்டுக் காணிக்கு நல்ல பசளை.

மாடும் வைக்கோலும்

2022 டிசெம்பர் 9 ஆம் திகதி அளவில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. திறந்த வெளியில் பட்டி அடைத்தவை, மெலிந்தவை, கன்றுகள்தான் அதிகம். நனைந்த உடம்பில் காற்றுப் படாமலிருந்தால் மாடு குளிரைத் தாங்கும். ஆகவே ஐப்பசியிலேயே பட்டியை மேட்டுக்கு மாற்றி, வடகிழக்குப் பக்கம் ஆளுயரத்துக்குப் படங்கு அல்லது கிடுகு மறைப்புக் கட்டுங்கள். கூரை இல்லாவிட்டாலும் இந்த ஒரு பக்க மறைப்புப் பாதி உயிரைக் காக்கும். தரையில் அரை அடி வைக்கோல் போட்டு, கன்றுகளை நடுவில் விடுங்கள்.

மற்ற அந்தலை ஆடி, ஆவணி வரட்சி. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 4 - 5 கிலோ வைக்கோல் வீதம் 75 நாளுக்கு 300 முதல் 375 கிலோ தேவை. இயந்திரம் வெட்டிப்போட்ட வைக்கோலை வயலில் எரிக்காமல் மாசியிலேயே கட்டிச் சூடாக (போராக) அடுக்கி வைத்தால்தான் அது கைக்கு வரும். மாடு மெலியாமலிருக்க யூரியா வைக்கோல் போடலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வைக்கோலைத் தட்டுத் தட்டாகப் பரப்பிப் பூவாளியால் தெளித்து மிதித்து, காற்றுப் போகாமல் தறப்பாளால் இறுக மூடுங்கள். பத்து நாளுக்குப் பிறகு திறந்து, மணம் போக ஒரு இரவு ஆற விட்டுக் கொடுங்கள். கரையாத யூரியாக் கட்டி ஒன்று மாட்டின் வாய்க்குப் போனால் செத்துவிடும், அதனால் வாளியின் அடியில் தங்குகிறதைத் திரும்பக் கரைக்காமல் ஊற்றக்கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இதைக் காட்டவே வேண்டாம்.